இடைவேளை மணிக்கு முன்

பத்து இருபத்தைந்து. இன்னும் இருபத்தைந்து நிமிடம் தாக்குப்பிடித்துவிட்டால் இடைவேளை மணி அடித்துவிடும், மணி அடித்ததும் அறுநூறு பிள்ளைகளும் வராந்தாவில் வந்து விழுவார்கள், அந்தக் கூச்சலில் தன் வயிறு என்ன பேசினாலும் யார் காதிலும் ஏறாது என்று ஜெனிட்டா கூட்டிக் கழித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் அவள் கையில் இருப்பது ஏழாம் டோக்கன், உள்ளே போயிருப்பது ஐந்து, குடும்பத்துக்கு ஏழெட்டு நிமிடம் என்று வைத்தாலும் மணிக்கு முன்னாலேயே கூப்பிட்டுவிடுவார்கள், மின்விசிறி சுற்றுவது மட்டும் கேட்கிற அந்த நேரத்தில். எல்.கே.ஜி. சேர்க்கைக்கு வந்தவர்கள் உட்காரும் மர பெஞ்சு. பெஞ்சுக்கு மேலே மாதா சுரூபம், சுரூபத்துக்கும் மேலே இருபது வருடத்துக்கு முன்பு இருந்த அதே நீலப் பலகை, அதே வெள்ளை எழுத்து: அமைதி. பக்கத்தில் மூன்றரை வயது ஜோவிதா காலை ஆட்டிக்கொண்டு, மக்ரூன் பொட்டலத்தின் ரப்பர் பேண்டை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டு. ஜெனிட்டா மடியில் ஒரு ஃபைல். பிறப்புச் சான்றிதழ், ஞானஸ்நானச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை எல்லாம் அதில் இருந்தன, ஆனால் அவள் அதை மடியில் வைத்திருந்தது அதற்காக இல்லை. ஃபைலுக்குக் கீழே தொளதொள சுடிதார், சுடிதாருக்குக் கீழே, தொப்புளுக்கு வலப்பக்கம், பை. ஏழு வாரத்துக்கு முன்னால் மதுரையில் குடலில் ஒரு சாண் கட்டியோடு சேர்த்து வெட்டி எடுத்துவிட்டு, மிச்சக் குடல் ஆறுகிற வரைக்கும் சிறுகுடலில் ஒரு வளைவை வயிற்றில் துளை போட்டு வெளியே இழுத்து, உதடு மாதிரி மடித்துத் தைத்து, அதன் மேல் ஒட்டிய பை. போவதெல்லாம் இனி அதில்தான் போகும். அந்த உதட்டுக்கு இறுக்கிப் பிடிக்கத் தசை இல்லை, கதவு இல்லை, இப்போது வேண்டாம் அப்புறம் வா என்றால் கேட்கிற காது இல்லை. சிவந்து, ஈரமாக, தக்காளியைக் குறுக்கே அரிந்த மாதிரி இருந்துகொண்டு, நினைத்தபோது தள்ளும், நினைத்தபோது சத்தம் போடும். மாநகராட்சிக் குழாயில் தண்ணீர் வருவதற்கு முன்னால் காற்று வருமே, புர்ர்ரென்று, குடத்தோடு நிற்கிற பெண்கள் எல்லாம் திரும்பிப் பார்ப்பார்களே, அந்தச் சத்தம். அதற்காகத்தான் நேற்று மத்தியானத்துக்குப் பிறகு அவள் ஒரு வாய் சாப்பிடவில்லை. உள்ளே போனால்தானே வெளியே வரும். தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் சிறு வயதிலிருந்தே பழகிய பட்டினிதானே, இதில் என்ன. ராத்திரி மாமியார் குழைந்த சோறும் தயிரும் எடுத்து வந்தபோது சாப்பிட்டாயிற்று என்று சொல்லியாயிற்று. விடியற்காலையில் ஆரம்பித்தது. காற்று, காற்று, வெறும் காற்று. அப்போதுதான் மதுரை ஆஸ்பத்திரி நர்ஸ் தெய்வானை சொன்னது நினைவுக்கு வந்தது: "வயித்தக் காயப் போட்டுராதீங்க, என்ன? காஞ்ச வயிறுதான் ரொம்பப் பேசும். நேரா நேரத்துக்கு ரெண்டு வாய் போட்டுட்டா அது பாட்டுக்கு இருக்கும்." அன்றைக்குத் தலையை ஆட்டியிருந்தாள். யார் என்ன சொன்னாலும் முதலில் தலையை ஆட்டிவிடுகிற பெண் அவள், இந்தக் கட்டிடத்தில் வளர்ந்தவள்.

வராந்தா முனையில் அந்தப் பச்சைக் கதவு இன்னும் இருக்கிறது, அதில் பூட்டும் இருக்கிறது, சாவி இன்றைக்கும் புஷ்பம் ஆயாவின் இடுப்பில்தான் இருக்கிறது. இடைவேளை மணி அடித்தால் திறப்பாள், பதினைந்து நிமிடத்தில் பூட்டுவாள். நடுவில் போக வேண்டுமானால் சுண்டுவிரலைத் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டும், மிஸ் பார்க்கிற வரைக்கும், பார்த்தபிறகும் சில நேரம். ஜெனிட்டா நின்றதில்லை. மூன்றாம் வகுப்பில் ஆயர் வந்த அன்றைக்கு, முதல் வரிசையில் வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு, காலை ஏழரையிலிருந்து மத்தியானம் ஒன்றரை வரைக்கும் ஆடாமல் அசையாமல் நின்றாள். பக்கத்தில் நின்ற பிள்ளை நின்றபடியே நனைத்துவிட்டு அழுதது, அதன் காலடியிலிருந்து ஓடிவந்த ஈரம் தன் ஷூவைத் தொட்டபோதும் அவள் குனிந்து பார்க்கவில்லை. அந்த வருடம் ஒழுக்கத்துக்கான நீல ரிப்பன் அவளுக்கு. குத்திவிட்டவர் அப்போது மூன்றாம் வகுப்பு டீச்சராக இருந்த சிஸ்டர் யூஜினா, இப்போது இந்தக் கதவுக்குப் பின்னால் தலைமையாசிரியையாக உட்கார்ந்திருப்பவர். அதற்குப் பிறகு பத்து வருடம் பள்ளிக்கூடத்துப் பாத்ரூமுக்கே போகாமல் படித்து முடித்தாள், அது ஒரு பெருமையாகவே இருந்தது, வீட்டுக்கு வந்து புத்தகப்பையை வீசிவிட்டு ஓடுவதும் அதில் சேர்த்தி. "அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லம்மா, அடக்கினதுனால வர்ற வியாதி இல்ல இது," என்று மதுரை டாக்டர் சொல்லியிருக்கிறார். சரி, இல்லை. ஆனால் ஒரு வருடம் ரத்தம் போனதே, அதை யாரிடம் சொன்னாள்? சூடு என்று நினைத்துக்கொண்டாள். வெந்தயத்தை ஊறப் போட்டாள், மோர் குடித்தாள், தலைக்கு எண்ணெய் வைத்தாள். கணவன் பெனிட்டோவிடம் சொல்ல எந்த வார்த்தையை எடுப்பது? அம்மாவிடம்? அந்தக் காரியத்துக்கு மரியாதையான வார்த்தை ஒன்று கூட அவளுக்குச் சொல்லித் தரப்படவில்லை, மே ஐ கோ அவுட் மட்டும்தான். கடைசியில் உள்ளூர் டாக்டர் அம்மா, "எத்தனை நாளா?" என்று கேட்டபோது ஒரு மாதம் என்றாள். பெனிட்டோ பக்கத்தில் இருந்தான். பதினோரு மாதத்தை அந்த நாற்காலியிலேயே விழுங்கினாள். அந்தப் பதினோரு மாதத்தில் கட்டி எவ்வளவு தூரம் நடந்திருக்கும்? ஒரு மாதத்தில் நடந்திருக்கிற தூரமா, ஒரு வருடத்தில் நடந்திருக்கிற தூரமா, எதில் நின்றிருந்தால் வெட்டியெடுத்தது போதுமானதாக இருந்திருக்கும்? எந்தப் பக்கமாகச் சுற்றி வந்தாலும் நினைப்பு அந்தப் பதினோரு மாதத்தில் வந்து துப்பட்டா ஆணியில் மாட்டின மாதிரி மாட்டிக்கொள்கிறது. கிழிக்காமல் எடுக்க முடியவில்லை.

"மம்மி, ரோபோ முழிச்சிருச்சு." ஜோவி குனிந்து ஃபைலில் காதை வைத்திருந்தாள். "ஷ்ஷ்." "பேசுது மம்மி." "ஷ்ஷ்ஷ், ஜோவி, என்ன சொன்னேன்?" "ரோபோவ யார்ட்டயும் சொல்லக் கூடாது," என்று பிள்ளை முழுசாகவே சொன்னது, பெஞ்சின் மறு கோடி வரைக்கும் கேட்கும்படி. இதற்குப் பெனிட்டோவைத்தான் சொல்ல வேண்டும். ஹார்பரில் கிரேன் ஓட்டுகிறவன், ஆபரேஷனுக்கு முதல் நாள் ராத்திரி அவளைத் தேற்றுவதற்காகத் தன் வேலையை வைத்தே விளக்கினான்: "ரோபோன்னா அதுவா ஒண்ணும் செய்யாது, ஜெனி. டாக்டர்தான் செய்யுதாரு. நான் எப்படி எண்பதடி ஒசரத்துல உக்காந்து லிவரப் புடிச்சிக்கிட்டு கப்பல்ல பொட்டிய வைக்கேன்? இருவது டன்னு பொட்டி, கீழ நிக்கவன் மேல தூசி விழாது, முட்டைய வைக்க மாதிரி வைப்பேன். அது மாதிரிதான்." அவளுக்கோ போன வருடம் அவன் வைத்த பெட்டி ஒன்று மூலை நசுங்கினதும் மூன்று நாள் விசாரணைக்குப் போனதும் ஞாபகம் வந்தது, சொல்லவில்லை. மறுநாள் காலை தள்ளுவண்டியில் கொண்டுபோய் வைத்தபோது கண்ணைத் திறந்து பார்த்தாள். பிளாஸ்டிக் உறை போட்ட நான்கு கைகள் மடங்கித் தொங்கிக்கொண்டிருந்தன, மழைக்கு மூடி வைத்த ராட்டினம் மாதிரி. அறையின் மூலையில் டாக்டர் ஒரு பெட்டிக்குள் நெற்றியை நுழைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார், அவள் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு. பாவசங்கீர்த்தனக் கூண்டு, என்று மயக்கம் ஏறுகிற அந்த நொடியில் நினைத்தாள், அங்கே சாமியார் இப்படித்தான் முகத்தைக் காட்டாமல் உட்கார்ந்திருப்பார், நான் பதினோரு மாதம் மறைத்தேன் சுவாமி என்று இப்போது சொன்னால் கேட்குமா, அதற்குள் நாக்கு தடித்துவிட்டது. ஐந்து மணி நேரம், அவர் விரல் ஒன்று கூட அவள் மேல் படவில்லை. ஆறு சின்னத் தழும்புகள் மட்டும், சட்டைப் பொத்தான் அளவில். ஜோவிக்கு அப்பா சொன்ன கதை, மம்மி வயித்துக்குள்ள ரோபோ போய் கெட்டதை எல்லாம் எடுத்துச்சு என்பது. போனது வெளியே வந்ததா என்று அவன் சொல்லவில்லை, பிள்ளையும் கேட்கவில்லை. முதல் தடவை பை சத்தம் போட்ட அன்று பிள்ளை தானாகவே முடிவுக்கு வந்துவிட்டது. அது உள்ளேதான் இருக்கிறது. தூங்குகிறது, முழிக்கிறது, பேசுகிறது. சில நேரம் மம்மி அதற்காகப் பாத்ரூமுக்குப் போய் வெகுநேரம் கதவைச் சாத்திக்கொள்கிறாள். ஏழு வாரமாக ஜோவியை அவள் மடியில் உட்கார வைக்கவில்லை. ரோபோவுக்கு வலிக்கும் என்று சொல்லி வைத்திருக்கிறாள்.

புர்ர்ர். ஃபைலை அழுத்தினாள், இருமினாள், சத்தத்துக்கு மேல் சத்தம் வைத்தால் அடங்குமா, அடங்கியது. மூக்கை உறிஞ்சிப் பார்த்தாள். வாடை இல்லை. இல்லையா, தனக்குப் பழகிவிட்டதா? காலையில் பவுடரை அள்ளிக் கொட்டியிருந்தாள், இப்போது அந்த மல்லிகை வாசம்தான் காட்டிக்கொடுக்கப்போகிறது, இவ்வளவு பவுடர் எதற்கு என்று யாருக்கும் தோன்றுமே. பெஞ்சின் மறு பக்கம் எட்டாம் டோக்கன்காரி, மஞ்சள் பட்டுச்சேலை, தன் பையனை விடாமல் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தாள். "வாட் கலர் இஸ் ஸ்கை?" "ப்ளூ." "வாட் கலர் இஸ் க்ரோ?" "காக்கா." "காக்கா இல்லல, ப்ளாக்கு! சிஸ்டர் முன்னால காக்கான்னு சொன்ன, வாயில போடுவேன்." அவள் கண் நகர்ந்து நகர்ந்து ஜெனிட்டாவிடம் வந்து, முகத்தில் கொஞ்சம் நின்று, கீழே இறங்கியது. ஃபைல் விலகியிருந்தது. பையில் காற்று நிறைந்து சுடிதாரை முன்னால் தள்ளியிருந்தது, வட்டமாக, பலூன் மாதிரி. பட்டுச்சேலைக்காரி முகம் மலர்ந்துவிட்டது, பெஞ்சில் நகர்ந்து பக்கத்தில் வந்தாள். "ரெண்டாவதாக்கா? எத்தன மாசம்? நாலு இருக்குமா?" ஜெனிட்டாவுக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது, காதுமடல் சுட்டது, வாயைத் திறந்தாள், வாயில் ஒரு பதில் ஏற்கெனவே தயாராக உட்கார்ந்திருந்தது: "ஆமா." "அதான பாத்தேன். மொகமே வெளுத்துல்லா போயிருக்கு. மசக்கையா? ஒண்ணும் சாப்பிட முடியலியோ? என் மவன் வயித்துல இருக்கையில நானும் இப்பிடித்தான், தண்ணியக் கண்டாலே வாந்தி. தோசைக்கல்லு வாசம் ஆகாது. இஞ்சிய நசுக்கி..." ஜெனிட்டா தலையை ஆட்டினாள். ஆட்டிக்கொண்டே இருந்தாள். எவ்வளவு சுகமாக இருந்தது அது, ஒரு நிமிடம். வயிற்றில் கைவைத்துக்கொள்ளலாம், வெளுத்துப் போகலாம், எழுந்து ஓடலாம், எல்லாவற்றுக்கும் மரியாதையான காரணம். பிள்ளைத்தாய்ச்சி எது செய்தாலும் ஊரே விலகி வழிவிடும். ஜோவி மக்ரூனைக் கடிக்காமல் கையில் வைத்தபடி அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். "மம்மி. ரோபோவா, பாப்பாவா?" "ஷ்ஷ்." "பாப்பாவா மம்மி?" "பாப்பாதான். பேசாம இரு." பிள்ளை அந்தப் பதிலை வாங்கிக்கொண்ட விதத்தை ஜெனிட்டா பார்த்தாள். கண்ணைச் சிமிட்டாமல், உதட்டை இறுக்கி, ஒரு சாமானைப் பத்திரமாக டப்பாவில் வைத்து மூடுகிற மாதிரி.

பத்து முப்பத்தெட்டு. ஆறாம் டோக்கன் உள்ளே போயாயிற்று. பாப்பா. ஆபரேஷனுக்கு முன்னால் அதையும் கேட்டிருந்தாள், அதாவது பெனிட்டோதான் கேட்டான், "டாக்டர், இனி எங்களுக்கு..." என்று இழுத்தான், டாக்டர் பேனாவை மூடிக்கொண்டே "பார்க்கலாம்" என்றார். பையை எப்போது எடுப்பீர்கள்? மூன்று மாதம் என்றார், இப்போது பார்க்கலாம் என்கிறார். மருந்து ஏற்ற வேண்டியிருக்குமா? ரிப்போர்ட் வரட்டும், பார்க்கலாம். இத்தனை மென்மையான சொல்லுக்குள் இவ்வளவு பயம் எப்படிப் போய் உட்கார்ந்துகொள்கிறது. அதனால்தான் இந்த சீட். வேறு எதையும் அவள் ஜெபத்தில் கேட்பதில்லை, கேட்டால் பேராசை ஆகிவிடும் என்று பயம், இந்த ஒன்றை மட்டும்தான். வீட்டிலிருந்து நாலு தெரு, எல்.கே.ஜி.யில் நுழைந்துவிட்டால் பன்னிரண்டு வரைக்கும் யாரும் கேட்க மாட்டார்கள், பதினான்கு வருடம், தலை சீவாமல் வந்தால் கூடக் கேட்க இங்கே ஒரு சிஸ்டர் இருப்பார், அவள் இருந்தாலும், அவள் இல்லாமல். அந்த வாக்கியத்தை அவள் ஒரு நாளும் முடித்ததில்லை. விண்ணப்பத்தில் ஒரு கட்டம் இருந்தது: வீட்டில் எவருக்கேனும் நீண்டநாள் நோய் உண்டா. கட்டத்தைப் பார்த்ததும் கை தானாக எழுதியது: இல்லை. நோயாளி வீட்டுப் பிள்ளையை எடுக்க மாட்டார்களாம், போன வருடம் யாரையோ திருப்பி அனுப்பிவிட்டார்களாம், யார் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது, ஆனால் தெருவில் எல்லாரும் சொல்கிறார்கள். பெனிட்டோ அதைப் படித்துவிட்டு அவளைப் பார்த்தான், கீழே கையெழுத்துப் போட்டான். இப்போது போனில் அவன்: "ஜெனி, கப்பல் உள்ள வந்துட்டு, மாத்திவிட ஆள் இல்ல. அஞ்சு நிமிசம் பொறுத்துக்கிடச் சொல்லு, வந்துருதேன்." யாரிடம் பொறுக்கச் சொல்வது. பை கனத்தது. காற்று மட்டும் இல்லை இப்போது, சூடாக ஏதோ இறங்குவது தோலுக்குத் தெரிகிறது, பட்டினி கிடந்தும் எங்கிருந்துதான் வருகிறதோ, மூன்றில் ஒரு பங்கு நிறைந்தால் காலி செய்துவிட வேண்டும், விட்டால் ஓரம் விட்டுக்கொள்ளும், ஓரம் விட்டுக்கொண்டால் சுடிதார், சுடிதாருக்குப் பிறகு பெஞ்சு, பெஞ்சுக்குப் பிறகு, ஷூவைத் தொட்ட அந்த ஈரம். புஷ்பம் ஆயா பச்சைக் கதவுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். எழுந்து போய்ச் சாவியைக் கேட்டால் கொடுத்துவிடுவாள். இருபது அடி. போகலாம். போ. ஜெனிட்டா தன் வலது கையைப் பார்த்தாள். ஃபைலின் மேல், யாரும் சொல்லாமலே, சுண்டுவிரல் மட்டும் விறைத்துக்கொண்டு மேலே தூக்கியிருந்தது. முப்பத்தொரு வயது. மடக்கினாள். மடங்கியது. அதற்குள் கதவு திறந்து, ஆறாம் டோக்கன் குடும்பம் சிரித்துக்கொண்டே வெளியே வந்து, "டோக்கன் செவன்" என்று குரல் வந்துவிட்டது. பத்து நாற்பத்து மூன்று.

உள்ளே மின்விசிறி கூட இல்லை, ஏ.சி. போட்டிருந்தார்கள், அது மூச்சு விடுகிற சத்தம் கூட இல்லாத ஏ.சி. சிஸ்டர் யூஜினாவுக்கு வயதாகிவிட்டிருந்தது, கண்ணாடி தடித்திருந்தது, ஆனால் பேப்பரைத் தட்டிச் சமன் செய்கிற கை அதே கை. "உக்காருங்க. ஹஸ்பண்டு?" "வந்துட்டே இருக்காங்க சிஸ்டர். ஹார்பர்ல ஷிப்ட்டு..." "நீ நம்ம ஸ்டூடன்ட் தான?" என்று அவர் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "ஜெனிட்டா. மூணு பி. ஆயர் வந்தப்போ முன்வரிசையில நின்ன பிள்ள. சத்தமே வராது இந்தப் பிள்ளகிட்ட, இருக்கா இல்லியான்னு ரெண்டு தடவ பாக்கணும்." ஜெனிட்டா சிரித்தாள், ரிப்பன் குத்தின இடத்தில் ஊசி பட்டது போல் இருந்தது. "பேர் என்ன கண்ணு உனக்கு?" ஜோவி வாயைத் திறக்கவில்லை. "வாட் இஸ் யுவர் நேம்?" இல்லை. "இது என்ன கலர்?" இல்லை. காலையிலிருந்து எத்தனை தடவை ஷ்ஷ் என்று சொல்லியிருப்பாள், பிள்ளை மொத்தமாக மூடிக்கொண்டுவிட்டது. சிஸ்டர் காத்திருந்தார். சுவரில் இயேசு காத்திருந்தார். ஜெனிட்டா வயிற்றைக் கைகளால் பொத்திக்கொண்டு, இப்போது வேண்டாம், இப்போது வேண்டாம், ஆறு நிமிடம், ஐந்து நிமிடம் என்று அதனிடம் கெஞ்சினாள், மாதாவிடம் கூட அவள் அப்படிக் கெஞ்சியது இல்லை. அந்த அமைதியில், நல்ல நீளமாக, ஆரம்பம் நடு முடிவு என்று மூன்று பாகமாக, அது பேசியது. சிஸ்டரின் பேனா நின்றது. அவர் தலையைத் தூக்கி, முதலில் ஏ.சி.யைப் பார்த்தார், பிறகு ஜெனிட்டாவை. ஜோவி அம்மாவைப் பார்த்தாள். மூன்றரை வயதுக் கண்கள் அவள் முகத்தில் தேடின, எது சொல்ல வேண்டும், எது சொல்லக் கூடாது, எது பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஆன்ட்டியிடம் சொன்னது. கண்டுபிடித்ததும் பிள்ளை நிமிர்ந்து உட்கார்ந்து, அன்றைக்கு முதல் தடவையாக, தெளிவாகப் பேசியது: "அது பாப்பா, சிஸ்டர். எங்க மம்மி வயித்துல பாப்பா இருக்கு. உதைக்குது." சொல்லிவிட்டு மேஜைக்கு அடியில் அம்மாவின் கையைத் தேடிப் பிடித்து அழுத்தியது. நான் பார்த்துக்கொண்டேன், பயப்படாதே என்கிற மாதிரி. சிஸ்டர் முகம் விரிந்தது. "அப்படியா! சந்தோசம்மா. எப்போ?" ஜெனிட்டாவின் தலை ஆடத் தொடங்கியது. எப்போ என்பதற்கு ஒரு மாதத்தைச் சொன்னால் போதும், ஆகஸ்டு, செப்டம்பர், சொல்லிவிட்டால் சீட்டு, பதினான்கு வருடம், தலை சீவாமல் வந்தால் கேட்க ஒரு ஆள். ஆனால் அந்தக் கை. வியர்த்து, பிசுபிசுத்து, மக்ரூன் பொடி ஒட்டின அந்தச் சின்னக் கை எவ்வளவு பலமாக அழுத்துகிறது. எவ்வளவு சீக்கிரம் படித்துக்கொண்டது. இன்னும் இந்தப் பள்ளிக்கூடத்துக்குள்ளேயே வரவில்லை, அதற்குள் முன்வரிசையில் நின்றுவிட்டது. நாளைக்கு இதற்கு ரத்தம் போனால் யாரிடம் சொல்லும்? சூடு என்று சொல்லிக்கொள்ளும். வெந்தயம் ஊறப் போடும். எத்தனை நாளாக என்று கேட்டால் ஒரு மாதம் என்று சொல்லும்.

"பாப்பா இல்ல சிஸ்டர்," என்றாள் ஜெனிட்டா. குரல் அவளுடையது மாதிரி இல்லை, தண்ணீர் வருவதற்கு முன்னால் காற்று வருகிற குழாய் மாதிரிக் கரகரத்தது. "எனக்குக் குடல்ல ஆபரேஷன். கேன்சர் கட்டி. ஏழு வாரம் ஆச்சு. வயித்துல பை வச்சிருக்காங்க. மலம் அதுலதான் போகும். அந்தச் சத்தம்தான்." மலம். சொல்லியாயிற்று. இயேசு விழவில்லை, கண்ணாடி உடையவில்லை. "ஃபார்ம்ல இல்லைன்னு எழுதியிருக்கேன். பொய்தான் எழுதுனேன். பிள்ள என்னப் பாத்துத்தான் இப்போ பொய் சொன்னா, அவளுக்கா ஒண்ணும் தெரியாது." சிஸ்டர் யூஜினா விண்ணப்பத்தைப் பார்த்தார், அந்தக் கட்டத்தைத் தேடுகிறார் போலும், விரல் கீழே கீழே இறங்கிக்கொண்டிருந்தது. அந்த விரல் நிற்கிற வரைக்கும் ஜெனிட்டாவால் காத்திருக்க முடியவில்லை, ஓரத்தில் ஈரம் அரித்தது. எழுந்தாள். "நான் பாத்ரூம் போயிட்டு வாரேன் சிஸ்டர்." போகலாமா என்று கேட்கவில்லை என்பது நாற்காலியைத் தள்ளிய பிறகுதான் அவளுக்கே தெரிந்தது. சிஸ்டர் அண்ணாந்து பார்த்தார், விரலை விண்ணப்பத்தின் மேலேயே வைத்துக்கொண்டு. "அங்க போகாத, அது சின்னப் பிள்ளைங்களுக்கு உள்ளது, உனக்குக் குனிய முடியாது. இந்தப் பக்கம், எங்க பாத்ரூம். தாழ்ப்பாள் சரியா விழாது. யாராவது வெளிய நிக்கணும்." புஷ்பம் ஆயாவைக் கூப்பிட அவர் மணியின் பக்கம் கையை நீட்டுவதற்குள் ஜோவி நாற்காலியிலிருந்து வழுக்கி இறங்கிவிட்டாள். "நான் நிக்கேன்."

வெள்ளை டைல்ஸ், ஒரு வாளி, ஒரு கப், சோப்பு வாசனை. கதவு ஒரு விரல் அளவு விட்டே நின்றது, அந்த இடைவெளியில் ஜோவியின் ரிப்பன் தெரிந்தது. ஜெனிட்டா சுடிதாரைத் தூக்கி மோவாய்க்குக் கீழே அடக்கிக்கொண்டு, கமோடின் மேல் குனிந்து, பையின் அடியிலிருந்த கிளிப்பைத் திறந்தாள். ஓரம் பிரியவில்லை. ஈரம் வெறும் வியர்வைதான். சீட்டுப் போயிருக்கும். போகாமலும் இருக்கலாம், அந்த விரல் எந்தக் கட்டத்தில் நின்றதோ. பெனிட்டோ வந்தால் என்ன சொல்லுவான், பதினோரு மாதத்தையும் அவனிடம் சொல்ல வேண்டும், இன்றைக்கா, சாப்பிட்ட பிறகா, முதலில் ஏதாவது சாப்பிட வேண்டும், ரெண்டு வாய் தயிர்ச்சோறு. ரிப்போர்ட் எப்போது வரும்? வெளியே ஜோவி கேட்டாள்: "மம்மி, ரோபோ என்ன செய்யுது?" "ரோபோ போயிருச்சு ஜோவி. எப்பவோ போயிருச்சு. இது பை." இடைவெளியில் ரிப்பன் திரும்பியது. "பாப்பா?" "பாப்பாவும் இல்ல. பை. மம்மிக்குக் கக்கா அதுலதான் வரும். அப்புறமாக் காட்டுறேன்." "வலிக்குமா?" "வலிக்காது. மடியில உக்காரலாம். இந்தப் பக்கமா உக்காரணும்." அதற்குள் மணி அடித்தது. கட்டிடம் முழுவதும் ஒரே நேரத்தில் கதவுகள் திறந்து, காலடிகள், கத்தல்கள், அறுநூறு பிள்ளைகளின் கூச்சல், காலையிலிருந்து அவள் ஏங்கிக் காத்திருந்த கூச்சல், இப்போது அவளுக்கு அது எதற்கும் வேண்டியிருக்கவில்லை. கூச்சலுக்கு நடுவே பட்டுச்சேலை சரசரப்பும் ஒரு குரலும் பக்கத்தில் வந்தன. எட்டாம் டோக்கன், உள்ளே போகும் வழியில். "ஏ பிள்ள, இங்க ஏன் நிக்க? உள்ள யாரு, அம்மாவா? வாந்தி எடுக்காவளா?" ஷ்ஷ் என்று சொல்வதற்கு ஜெனிட்டாவின் வாய் குவிந்துவிட்டது, மூச்சை இழுத்தும்விட்டாள். "இல்ல ஆன்ட்டி," என்று ஜோவி அறுநூறு பிள்ளைகளுக்கும் மேலே கேட்கும்படி கத்தினாள், "பாப்பா இல்ல! எங்க மம்மிக்கு பை இருக்கு! கக்கா போயிட்டு இருக்காவ, நீங்க வரக் கூடாது!" ஜெனிட்டா இழுத்த மூச்சை மெல்ல வெளியே விட்டாள், கிளிப்பைப் பூட்டினாள், கப்பில் தண்ணீர் மொண்டாள்.